சேதி எட்டாத இடம்

நான்கு படங்களும் ஒரே கல்லீரலைத்தான் பார்த்திருந்தன. ஆனால் நான்கும் நான்கு விதமாகப் பேசின.

"இப்படி நாலு பேரும் நாலு பக்கம் இழுக்குற கேஸ் எனக்கு வருஷத்துக்கு ஒன்னு வந்தாலே அதிகம்," என்றார் டாக்டர் ரஹ்மத் நிஷா. அவர் குரலில் கவலையை விட ஆர்வம் தூக்கலாக இருந்தது. அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எதிரே இருந்த கனகசெல்வியைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க. உங்க வயித்துக்குள்ள இருக்குறதைப் பத்தி நான் பாட்டுக்குச் சந்தோஷமாப் பேசுறேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கனகசெல்விக்கு முப்பத்தொன்பது வயது. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். தன் உடம்புக்கு ஒன்று என்று அவள் மதுரை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அண்ணன் சங்கரபாண்டியின் கல்லீரல் கல்லாகிப் போயிருந்தது. மதினி ராமலட்சுமியின் ரத்தம் சேரவில்லை. அண்ணன் மகன் இன்னும் பள்ளிக்கூடப் பையன். "என்னோடத எடுத்துக்கோங்க" என்று கனகசெல்வி வந்து நின்றாள். உடம்பில் கல்லீரலுக்கு மட்டும் அப்படியொரு வரம். பாதிக்கு மேல் அறுத்துக் கொடுத்தாலும் மிச்சம் சில மாதங்களில் வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும். கொடுக்கிறவர் உடம்பு சுத்தமா என்று பார்த்த சோதனையில்தான் கட்டி அகப்பட்டது. வலது பக்கத்தில், ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு.

"என்னன்னு தெரியாத கட்டியோட ஒரு கல்லீரலைத் தூக்கி இன்னொருத்தர் வயித்துல வைக்க முடியாது. அதனாலதான் இத்தனை படம்," என்றார் டாக்டர்.

"இத்தனை எடுத்துமா தெரியல?"

"படம்னு சொல்றோமே ஒழிய, ஒவ்வொன்னும் ஒரு கேள்விதான். மொதல்ல ஜெல் தடவி எடுத்தாங்கள்ல? அது சத்தத்தை உள்ள அனுப்பி, எதிரொலியைக் கேக்கும். உங்க கட்டி விலா எலும்புக்குப் பின்னால ஒளிஞ்சு கெடக்கு. அது போயி எட்டிப் பார்த்துட்டு, 'உள்ள யாரோ இருக்காங்க, யாருன்னு தெரியல'ன்னு திரும்பி வந்திருச்சு."

"சி.டி.?"

"சி.டி. கேக்குறது வேற. 'உனக்கு ரத்தம் எந்த வழியா வருது, எவ்வளவு வேகமாப் போகுது?'ன்னு கட்டியைக் கேக்கும். அதுக்குத்தான் கையில சாயம் ஏத்துனது. கல்லீரலுக்கு ரெண்டு வாசல் இருக்கு. ஒன்னு தமனி, நெஞ்சுலேர்ந்து வர்றது. இன்னொன்னு குடல்லேர்ந்து வர்ற பெரிய சிரை. நாம சாப்பிட்டது அத்தனையும் இந்த ரெண்டாவது வாசல் வழியாத்தான் உள்ள போகும். உங்க கட்டிக்கு ரெண்டாவது வாசலே இல்ல. தமனி ரத்தம் மட்டுந்தான்."

"அது நல்லதா, கெட்டதா டாக்டர்?"

"இங்கதான் மாட்டிக்கிட்டோம். புற்றுநோயும் அப்படித்தான் இருக்கும். யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணாத சாதுக் கட்டி ஒன்னு இருக்கு, அதுவும் அப்படித்தான் இருக்கும். புற்றுநோயா இருந்தா வந்த சாயம் சட்டுனு வெளியேறிடும். சாது வச்சுக்கிட்டு இருக்கும். உங்களுது பாதியை விட்டுட்டு பாதியை வச்சிருக்கு. சரின்னு எம்.ஆர்.ஐ. போனோம். அதுல ஒரு மருந்து குடுப்போம். நல்ல கல்லீரல் செல் அதைக் குடிச்சுப் பித்தத்துல சேர்க்கும். 'நீ இன்னும் உன் வேலையைப் பார்க்குறியா?'ங்குறதுதான் கேள்வி. உங்க கட்டி ஓரத்துல வேலை பார்த்திருக்கு. நடுவுல பார்க்கல."

"எங்க தாலுகா ஆபீஸ் மாதிரி," என்றாள் கனகசெல்வி.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நான்காவது படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

நான்காவதுதான் நேரவரைவு. அது புழக்கத்துக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. கல்லீரலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது சர்க்கரையைச் சேர்த்து வைப்பது, எப்போது அவிழ்த்து விடுவது என்று அது முன்கூட்டியே தயாராகிறது. மூளையின் கடிகாரத்தைச் சூரியன் திருப்புகிறது. கல்லீரலின் கடிகாரத்தைச் சாப்பாடு திருப்புகிறது. வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி ஒரு முழு நாள் விட்டால், கல்லீரலில் அரிசி அளவு இடம் ஒவ்வொன்றிலும் இப்போது மணி என்ன என்று நிறம் நிறமாகக் காட்டிவிடும். நல்ல கல்லீரல் முழுக்க ஒரே நேரம் ஓடும். புற்றுநோய்க்கு நேரமே கிடையாது. அதன் கடிகாரம் உடைந்திருக்கும். படத்தில் சாம்பலாகத் தெரியும்.

மற்ற படங்கள் சண்டை போட்டுக்கொள்ளும் இடத்தில் இது தீர்ப்புச் சொல்லத் தொடங்கியபோது மருத்துவர்கள் கொண்டாடினார்கள். கூடவே வேறு வேலைகளும் நடந்தன. யார் எந்த நேரத்தில் சாப்பிட்டார் என்பதற்குச் சாட்சியாக விவாகரத்து வழக்குகளில் வக்கீல்கள் இந்தப் படத்தைக் கேட்டார்கள். மாலை போட்டு ஒருவேளைதான் உண்டேன் என்ற ஒரு ஆசாமியின் கல்லீரல், ராத்திரி புரோட்டாக் கடை நேரத்துக்கு நின்று அவர் மானத்தை வாங்கியது.

"இதுக்கு மெஷின் என்ன சொல்லுது?" என்று கேட்டாள் கனகசெல்வி.

"'நேரம் தப்பியது'ன்னு சொல்லுது. சுத்தி இருக்குற கல்லீரலோட இந்தக் கட்டி சேர்ந்து ஓடல. நேரம் தப்பின கட்டி இருந்தா தானம் கிடையாதுன்னு ஆஸ்பத்திரியோட உறுப்பு தானக் கமிட்டியில விதி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாம். ஆனா பெரிய ரத்தக்குழாய்க்கு ஒட்டி உட்கார்ந்திருக்கு. உங்களுக்கு ஒன்னு ஆகிட்டா யார் பதில் சொல்றது?" டாக்டர் திரையை அவள் பார்வையிலிருந்து தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆனா எனக்கு ஒரு சந்தேகம். அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். உங்களுக்கு எப்பவாவது சாப்பாட்டு நேரம் வேறயா இருந்துச்சா? நைட் டூட்டி, வெளிநாடு, இந்த மாதிரி? எந்த நேரம்னு நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீங்க தலையாட்டினா அதுக்கு மதிப்பு இல்ல."

கனகசெல்வி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இல்ல டாக்டர். எல்லாரையும் போலத்தான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு குரலை இறக்கி, "இன்னொன்னும் சொல்லணும். தானம் குடுக்குறவங்க எல்லார்கிட்டயும் தனியாச் சொல்றதுதான். குடுக்க மனசு இல்லைன்னா யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்ல. 'உடம்பு ஒத்து வரல'ன்னு நாங்களே வெளியில சொல்லிருவோம். உங்க கேஸ்ல அதுகூடப் பொய்யில்ல, கட்டி இருக்கு. நாளைக்கு மத்தியானம் கமிட்டி. அதுக்குள்ள ஏதாவது ஞாபகம் வந்தா வாங்க," என்றார்.

வார்டில் சங்கரபாண்டி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிறு குடமாகி, கை கால் குச்சியாகி, கண் இரண்டும் மஞ்சள் பூத்திருந்தன. உப்பில்லாத கஞ்சியை ராமலட்சுமி ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி சொன்னாக?" என்றார் தங்கையைப் பார்த்ததும்.

"இன்னும் பாக்கணுமாம்ணே."

"கட்டின்னாகளே. எனக்குக் குடுக்குறது கெடக்கட்டும். மொத உன்னையப் பாரு. மெட்ராசுக்கு வேணாலும் போயிக் காட்டிருவோம்." மூச்சு வாங்கியது. உடனே பேச்சை மாற்றினார். "காலைல நம்ம லாரி ஆபீசு முருகையா வந்தான். என் கண்ணைப் பாத்துட்டு, 'இனியாவது விட்டுருங்க அண்ணாச்சி'ங்கான். ஏல, ஒரு சொட்டுத் தொட்டதில்லலன்னு சொல்லுதேன். 'ஆமா ஆமா'ங்கான். என்னய விட எனக்காக வருத்தப்படுதானாம்."

"ஊருக்குள்ள பாதிப் பேரு அப்படித்தான் நெனைக்கான்," என்றாள் ராமலட்சுமி. "பேசாம நாலு நாளு குடிச்சிருந்தா பழிக்காவது பலன் கெடச்சிருக்கும்."

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பில் சங்கரபாண்டிக்கு இருமல் வந்துவிட்டது. கனகசெல்வி அவர் முதுகைத் தடவிவிட்டாள். தோலுக்கு அடியில் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையில் தட்டுப்பட்டது.

அப்பா இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. அண்ணன் படிப்பை விட்டுவிட்டு லாரி கிளீனராக ஏறினார். டிரைவர் ஆனார், பிறகு சொந்தமாக புக்கிங் ஆபீஸ் போட்டார். அவளைக் கல்லூரி வரைக்கும் படிக்க வைத்தார். அதே அண்ணன்தான் எபநேசர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்.

எபநேசர் அவள் கம்பெனிக்குக் குளிர்பதன இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர். பேச்சு பழக்கமாகி, பழக்கம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தபோது, "போய்த்தான் பாப்பமே" என்று அம்மா சொன்னதற்காக அண்ணன் எபநேசரின் ஊரான சாயர்புரத்துக்குப் போனார். எபநேசரின் அம்மா இலை போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அண்ணன் வாசல்படியிலேயே நின்று, "இன்னொரு நாளைக்குக் கை நனைக்கோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அந்த இன்னொரு நாள் வரவில்லை. வேற ஆளுக, வேற சாமி, ஊர் என்ன பேசும் என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எபநேசர் கனடாவுக்குப் போனார். ஹாலிபாக்ஸ் என்ற துறைமுக ஊரில் மீன் கிடங்குகளின் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போன புதிதில் ஒருநாள் வீடியோவில் தட்டைத் தூக்கிக் காட்டினார். "உங்க அண்ணன் உக்காராத பந்தியில நாம உக்காருவோம், வா. நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வா."

அவருடைய இரவுச் சாப்பாட்டு நேரம் அவளுக்கு விடியற்காலை. வீடு எழும்புவதற்கு முன் அடுக்களையில் உட்கார்ந்து, முந்தின நாள் குழம்பைச் சூடுபண்ணி, சோறு போட்டு முழுச் சாப்பாடாகச் சாப்பிட்டாள். அவர் அங்கே ஒரு வாய் எடுத்தால் இவள் இங்கே ஒரு வாய் எடுத்தாள். பெரும்பாலும் பேசக்கூட மாட்டார்கள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் கொறிப்பாள். ராத்திரி வேண்டாம் என்று படுத்துவிடுவாள். "இவளுக்கு எல்லாமே தலைகீழ்," என்று மதினி பல தடவை அலுத்துக்கொண்டாள்.

ஏழு வருடம் அப்படிப் போயிற்று. அண்ணன் மனம் மாறுவார் என்று அவள் காத்திருந்தாள். அவள் கிளம்பி வருவாள் என்று எபநேசர் காத்திருந்தார். கடைசியில், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில், அவளே தட்டைக் கவிழ்த்தாள். "உங்க அம்மா கண்ணு மூடுறதுக்குள்ள ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கிடுங்க," என்று சொல்லி நம்பரை அழித்தாள். அவர் பண்ணிக்கொண்டார். அவளும் எல்லோரோடும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார ஆரம்பித்தாள். "இப்பத்தான் மனுசி மாதிரி சாப்பிடுதா," என்று மதினி சந்தோஷப்பட்டாள்.

இதெல்லாம் அவளுக்கு மட்டுமே தெரிந்த கதை என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தாள்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கட்டி என்று ஊரே அனுதாபப்படும். அண்ணனுக்காக வந்து நின்ற புண்ணியமும் அவளுக்குச் சேரும். கல்லீரலும் அவளிடமே இருக்கும். தன்னைப் படிக்க வைத்துவிட்டுச் சாயர்புரத்து வாசல்படியில் நின்றுவிட்ட அண்ணனோடு இருந்த கணக்கும் அத்தோடு தீர்ந்ததாக நினைத்துக்கொள்ளலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தன்மேல் பயம் வந்தது.

ஆனால் மறுநாள் காலையில் அவளை டாக்டர் அறைக்கு நடத்திக்கொண்டு போனது அண்ணன் மேல் இருந்த பாசம் மட்டும்தான் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அந்தக் கட்டிக்குள் இப்போது மணி என்ன என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"நேத்து நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர்," என்றாள் நின்றுகொண்டே.

"உக்காருங்க மொதல்ல."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமும் சொல்லாத கதை என்பதால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முன்னும் பின்னுமாகச் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "ஊர், பேரெல்லாம் எனக்கு வேண்டாம். நேரம் மட்டும் சொல்லுங்க. அந்தப் பெரிய சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"வெயில் காலத்துல நாலு. அங்க வருசத்துக்கு ரெண்டு தடவ கடிகாரத்தத் திருப்பி வைப்பாங்க. அதனால பனிக்காலத்துல அஞ்சாயிரும். கடைசியா நிப்பாட்டுனது மார்கழி." விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "அஞ்சு."

டாக்டர் திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

ஒரு நாள் முழுக்க எடுத்த படம் ஒரு நிமிடமாகச் சுருங்கி ஓடியது. கல்லீரல் முழுக்க நீலமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மூலையில் மணி நகர்ந்தது. மூன்று, நான்கு. வலது ஓரத்தில் சின்னதாக ஒரு இடம் மட்டும் வெளுக்க ஆரம்பித்தது. ஐந்து அடித்தபோது அது செம்மஞ்சளாகச் சிவந்து நின்றது. சுற்றிலும் எல்லாம் தூங்க, அது மட்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"எனக்கு நேத்தே சந்தேகந்தான்," என்றார் டாக்டர். அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. "ரமலான்ல நான் என்னோட கல்லீரலையே எடுத்துப் பார்த்திருக்கேன். விடியுறதுக்கு முன்ன சஹருக்கு எந்திரிச்சுச் சாப்பிடுற மாசத்துல முழுக் கல்லீரலும் ஏறக்குறைய இந்த நேரத்துக்குத் திரும்பி நிக்கும். பெருநாள் முடிஞ்சா கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிரும். உங்க கட்டி மட்டும் பெருநாள் வந்து போனது தெரியாம நோன்பு பிடிச்சுக்கிட்டே இருக்கு!"

"ஏன் அதுக்கு மட்டும் தெரியல?"

"ரெண்டாவது வாசல் இல்லைன்னு சொன்னேன்ல? சாப்பாட்டு நேரம் மாறிடுச்சுங்குற சேதி சிரை வழியாத்தான் வரும். இந்தக் கட்டி உண்டானப்பவே அந்த வழி அடைபட்டுப் போச்சு. அடைபட்ட அன்னைக்கு உள்ள என்ன நேரமோ, அதே நேரம் நிலைச்சுப் போச்சு. தமனி ரத்தத்துல வர்ற சில சுரப்புகளை வச்சு ஒரு நாள் எவ்வளவு நீளம்னு மட்டும் அதுக்குத் தெரியும். அதனால நாள் தவறாம ஓடுது. ஆனா இங்க நீங்க நிறுத்தினது அதுக்குத் தெரியாது. யாரும் போயிச் சொல்லல."

இரண்டு வருடமாக அவள் மறந்துவிட்டதாக நடித்த ஒன்றை, உள்ளே ஒரு இடம் நடிக்காமல் இருந்திருக்கிறது.

"மத்த இடமெல்லாம் எப்ப மாறியிருக்கும் டாக்டர்?"

"நீங்க நேரத்தை மாத்தின ஒரு வாரத்துல."

"ஒரு வாரமா?" அவளுக்கு அது அடி வாங்கியது மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில்!

"புற்றுநோய்க்கு நேரம் பார்க்கத் தெரியாது," என்று டாக்டர் தொடர்ந்தார். "இது இவ்வளவு ஒழுங்கா நேரம் பார்க்குது. அப்ப இது சாதுதான். மெஷினுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க மூணு வேளையும் வீட்டுல உக்காந்து சாப்பிடுற ஆளுங்க படத்தை வச்சுச் சொல்லிக் கொடுத்துட்டாங்க. நேரமே இல்லாததும் ஒன்னுதான், வேற நேரமும் ஒன்னுதான் அதுக்கு. ரெண்டையும் 'தப்பியது'ன்னு ஒரே பேர்ல போட்டுருச்சு. இன்னும் எத்தனை நைட் டூட்டிக்காரங்களைத் தப்பாத் திருப்பி அனுப்பிச்சோம்னு இனிமேதான் தேடணும். கமிட்டிக்கு 'முன்பு உணவு நேரம் வேறு'ன்னு மட்டும் சொல்வேன். யாரோடன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க தாராளமாக் கொடுக்கலாம் கனகசெல்வி!"

"எந்தப் பக்கத்த எடுப்பீங்க?"

"வலது. அதுதான் பெரிய பாகம்."

"இடதுபக்கம்?"

"அவர் உடம்புக்குப் பத்தாது." அதற்குப் பிறகுதான் டாக்டருக்கு அவள் கேட்டது விளங்கியது. எழுந்து நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"அந்தக் கட்டிய மட்டும் எனக்கு விட்டுற முடியாதா?"

"முடியாதும்மா. வெட்டி எடுக்கலாம். எடுத்தா அது செத்துப் போயிரும். விட்டா உங்க அண்ணனுக்குள்ள இருக்கும். அவருக்கு அதனால ஒரு கெடுதலும் இல்ல."

"எனக்கு மறுபடி வளரும்னீங்களே."

"வளரும். ஆனா மிச்சம் இருக்குற பாகம் இப்ப எந்த நேரத்துல ஓடுதோ, அந்த நேரத்துலதான் வளரும்."

வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. கனகசெல்வி திரையையே பார்த்தாள். படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. அது மறுபடியும் வெளுக்கிற வரைக்கும் காத்திருந்தாள். சிவந்து, மெல்ல அணைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெட்டிப் போட வேண்டாம். அப்படியே வச்சுருங்க," என்றாள்.

ஆபரேஷன் முடிந்து, பங்குனி பிறந்தபோது சங்கரபாண்டி தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண்ணில் மஞ்சள் போயிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. புதுக் கல்லீரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அவருக்கும் பட்டை கட்டி நேரவரைவு எடுத்திருந்தார்கள். கூட மதினியும் கனகசெல்வியும் வந்திருந்தார்கள்.

"பிரமாதம்," என்றார் டாக்டர் ரஹ்மத் நிஷா. "உங்க வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு அச்சடிச்ச மாதிரி ஓடுது. பாருங்க."

திரையில் படம் ஓடியது. சங்கரபாண்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தன் வயிற்றுக்குள் இருப்பதைத் தானே பார்ப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"எல்லாம் நீலமா இருக்கு. அந்தப் பொட்டு மட்டும் என்னம்மா வேற கலர்ல மின்னுது?"

டாக்டர் கனகசெல்வியைப் பார்த்தார். "அது ஒன்னும் செய்யாதுங்க. அதுக்கு மட்டும் நேரம் வேற. காலைல அஞ்சு மணி," என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். கனகசெல்வியும் விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் திரையில் அது சிவந்துகொண்டிருந்தது. அதை முன்னால் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அது எபநேசர் சாப்பிடுத நேரம்ணே," என்றாள். "அவர் அங்க சாப்பிடும்போது நானும் கூட உக்காந்து சாப்பிடுவேன். ஏழு வருசம்."

ராமலட்சுமியின் கை வாய்க்குப் போனது. சங்கரபாண்டி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்," என்றார்.

"என்னது தெரியும்?" என்றாள் மதினி.

"விடிகாலைல இவ கை கழுவுத தண்ணிச் சத்தம் கேட்டதுக்குப் பொறவுதான் நான் எந்திரிப்பேன்."

"அதுக்கா என்னைய தெனம் எந்திரிக்க விடாம அதட்டி அதட்டிப் படுக்கப் போட்டீக? நான் உமக்குத்தான் தூக்கம் கெடுதுன்னுல்லா நெனைச்சேன்."

"தெரிஞ்சுமாண்ணே?" என்றாள் கனகசெல்வி. ஏழு வருடம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். அந்த விடியற்காலைகளை அவளுக்கு விட்டுக்கொடுத்தவருக்கு, சாயர்புரத்து வாசல்படி ஒன்றை மட்டும் தாண்ட முடியவில்லை. "தெரிஞ்சுமா?"

அவர் சட்டைக்கு மேலாக வலது விலாவில், தையல் போட்ட இடத்தில், கையை வைத்துக்கொண்டார். டாக்டர் படத்தை நிறுத்தக் கையை நீட்டினார். "இருக்கட்டும்மா," என்று தடுத்தார் சங்கரபாண்டி. சுற்றிலும் நீலம் படர்ந்து கிடக்க, நடுவில் அந்தச் செம்மஞ்சள் அசையாமல் நின்றது. அவர் திரைக்குக் கிட்டத்தில் குனிந்தார். பந்தியில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்திருக்கக் கூடாது என்பது போல, அப்படியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"முடிச்சாச்சா?"

"இன்னும் இல்லண்ணே," என்றாள் கனகசெல்வி. "அவுக மெதுவாத்தான் சாப்பிடுவாக."